தயிரு துடிச்ச வளவு

மொத மொத துடிச்சது குழல்வாய்மொழி வீட்டுத் தயிருதான், மொத மொத தடுமாறினதும் அதுதான்.

ஒரு வெள்ளிக்கெழம காலையில, பால்காரர் மணியடிக்கதுக்கு முந்தி, அவ சட்டி மேல மூடியிருந்த தட்டை எடுக்கா, உள்ள ஆடைக்கு நடுவுல தயிரு லேசா பொங்கி அடங்குது, பொங்கி அடங்குது, பச்சப்புள்ள உச்சந்தலை துடிக்குமே, அதே மாதிரி. பல்லி கில்லி விழுந்து கெடக்கோன்னு கரண்டிக் காம்பால கிண்டிப் பாத்தா. ஒண்ணுமில்ல. கரண்டிய எடுத்ததும் தயிரு கூடிக்கிட்டு அது பாட்டுக்குத் துடிச்சுது. "சரி, துடிச்சா துடிச்சுட்டுப் போ"ன்னு மூடி வச்சுட்டு வாசத் தெளிக்கப் போயிட்டா. அவ கொணம் அப்படி. அவ புருசன் மறுவீட்டுக்கு வந்த அன்னைக்கே சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போயி ரெண்டாம் ஆட்டம் சினிமா பாத்துட்டு வந்த மனுசன். அதையே அவ என்னன்னு கேக்கல, தயிரையா கேக்கப் போறா.

அந்த வளவுன்னா, ஒரு முத்தத்தைச் சுத்தி வரிசையா வீடுக, எல்லாத்துக்கும் சேத்து ஒரு கெணறு, ஒரு கொடிக்கம்பி, ஒரு தெருக்கதவு. ஒரு வீட்டுல கடுகு தாளிச்சா அடுத்த வீட்டுல தும்முவாவ. அதனால குழல்வாய்மொழி சட்டி சமாச்சாரம் மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அடுத்தடுத்த நாளையில ஒவ்வொரு வீட்டுச் சட்டியும் துடிக்க ஆரம்பிச்சுது. எல்லாச் சட்டியும் இல்ல. மாசாந்தரம் தூரம் நின்னுபோன பொம்பளையள் கையால தோய்ச்ச தயிரு மட்டுந்தான் துடிச்சுது. மருமக்கமாரு தங்க உறைமோருல தோய்ச்சது வழக்கம்போல அசையாமக் கெடந்துது.

அது யாரோட துடிப்புன்னு கண்டுபுடிச்சது ஆவுடை. அவ சத்துணவுக் கூடத்துல வருசக்கணக்கா சோத்து அண்டாவைத் தூக்கி எறக்கினவ, ஒடம்பு நல்ல உரம். ஒருநா கெணத்துல குடம் குடமா எறைச்சுட்டு மூச்சு வாங்க வந்து அடுப்படியில உக்காந்தா. சட்டியும் மூச்சு வாங்குது. ஒரு கைய நெஞ்சுல வச்சா, ஒரு கையச் சட்டி வயித்துல வச்சா. ரெண்டும் ஒரே அடி.

"ஏளா தங்கபுஷ்பம், இங்கன வா, இதுல கைய வையி"ன்னு மருமகளைக் கூப்புட்டா.

தங்கபுஷ்பம் வச்சுப் பாத்துட்டு, "நீங்கதான் அத்தை, நீங்கதான் உள்ள இருக்கிய"ன்னா. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "இனி நான் எப்படி இதுல உப்பைப் போட்டுக் கடைய?"ன்னா.

அதுதான் வளவுக்குப் பெரிய பேச்சாப் போச்சு, இதைத் திங்கலாமா கூடாதான்னு. கடைசி வீட்டுப் பிரமநாயகி, பிரமுன்னு கூப்புடுவாவ, அவதான் மொதல்ல ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டா. "வயித்துக்குள்ள போன பொறவு எது துடிக்கும் எது துடிக்காதுன்னு வயித்துக்குத் தெரியவா போகுது? புளிக்கல, நல்லாருக்கு, சோத்தைப் போடுங்கட்டி"ன்னா. அம்மன் கோயில் பட்டரு, அபிசேகத்துக்கு ஆகுமான்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் பூணூலைத் திருகிக்கிட்டு இருந்துட்டு, "கல்லுக்குள்ள நிக்கறவ துடிப்பு வேண்டாம்னா சொல்லப் போறா, கொண்டாங்கோ"ன்னுட்டாரு. அதோட அந்தச் சந்தேகம் தீந்துது.

ஆனா வேற ஒண்ணு ஆரம்பிச்சுது. அது வரைக்கும் அந்த வளவுல வயசான பொம்பளையக்கிட்ட ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா ஒரே பதில்தான், நல்லாருக்கேன். காய்ச்சல்ல கெடந்தாலும் நல்லாருக்கேன், படியில உருண்டு விழுந்தாலும் நல்லாருக்கேன். இப்ப அந்தப் பதில் செல்லாமப் போச்சு. சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கற மக்கமாரு வீடியோ கால்ல அம்மை மொகத்தைப் பாக்கதை விட்டுட்டு, "சட்டியைக் காட்டும்மா"ன்னாவ. காலையில காப்பிக்கு முந்தி எல்லா வீட்டு ஆம்பளையளும் சட்டியில காது வச்சுக் கேட்டுட்டுத்தான் பேப்பரை எடுத்தாவ. கீழ வரிசை பேச்சியாளுக்கு, ரிட்டையரான போஸ்டுமேனு தெருவுல போகையில எல்லாம் சட்டி துள்ளி மூடித்தட்டு கெணிங்குன்னு விழும். மக தலையில அடிச்சுக்கிட்டா. பேச்சியாளு அசரல. "வயசான நெஞ்சுதான, ரெண்டு துள்ளு துள்ளிட்டுப் போகுது, நீ தட்டை மேல ஒரு கல்லைத் தூக்கி வையி"ன்னா. அந்தப் போஸ்டுமேனு கதை தனிக் கதை, அதைத் தொட்டா பொழுது விடிஞ்சிரும். சட்டிக்கே வருவோம்.

குழல்வாய்மொழி சட்டி ஒருநா தடுமாறிச்சு. ரெண்டு அடிக்கும், ஒண்ணை விழுங்கும், அப்புறம் அவசர அவசரமா மூணு அடிக்கும். மகன் பாத்தான், அம்மையைத் தூக்கிட்டு ஓடுனான். டவுன் ஆசுபத்திரியில ஒரு டாக்டரம்மா, கண்டிசனானவ, எல்லாம் பாத்து, மாத்திரை எழுதி, பக்கத்துல உக்காந்து நெதானமாச் சொல்லித்தான் விட்டா. ஆடை எடுத்த பாலு, ஒரு கிண்ணம் தயிரு, மோரு, இதெல்லாம் சாப்பிடலாம். நெய்யி, வெண்ணெய், பாலாடை, இதைக் கொறைக்கணும். உப்பைக் கொறைக்கணும். தெனமும் காலாற நடக்கணும். மாத்திரைய விடக்கூடாது. இவ்வளவுதான் அவ சொன்னது. மகன் காதுல விழுந்தது வேற. பயந்தவன் காதுல பாதி வார்த்தை கூடுதலா விழும். வீட்டுக்கு வந்ததும் அம்மையை நடையில பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சுட்டான். பாலு கெடையாது, தயிரு கெடையாது, மோருத் தண்ணி கூடக் கெடையாது, அடுப்படிப் பக்கம் தலை வைக்கக் கூடாது. கஞ்சியும் கட்டங்காப்பியும். அவ சட்டிய மருமக சாம்பல் போட்டுத் தேச்சுக் கவுத்தினா, மறுநா அதுல தன் மோரை ஊத்தித் தோய்ச்சா. தயிரு அசையாமக் கெடந்துது. ஒரு ஆயுசு முழுக்க அந்த வீட்டுக்குச் சோறு பொங்கினவ, சினிமாக்கொட்டகையில டிக்கெட்டு வாங்காம உக்காந்திருக்கவ மாதிரி அந்த நாற்காலி நுனியில உக்காந்திருந்தா.

வளவுப் பொம்பளையள் ஒவ்வொருத்தியும் போறப்ப வாரப்ப அந்த நாற்காலியப் பாத்தாவ. சாவைக் கண்டு கூட அவங்களுக்கு அம்புட்டுப் பயமில்ல, அந்த நாற்காலியக் கண்டு பயந்தாவ.

எல்லாரையும் விட பயந்தவ பிரமு. அவளுக்கு வாய்தான் நீளமே தவிர இருக்கது ஒத்தை வீடு, ஒத்தை மகன். புருசன் போயாச்சு. மகன் நயினார் சென்னையில பாங்குல இருந்தான், எப்ப பாத்தாலும் "வீட்டைப் பூட்டிட்டு வந்துரும்மா"ன்னு ஒரே பாட்டு. அவ போகாததுக்குக் காரணம் திரட்டுப்பாலு. அந்த ஊருல ஒரு புள்ள சமைஞ்சாலும், கல்யாணம் நடந்தாலும், பிரமு கையால கிண்டின திரட்டுப்பாலு இல்லாம எலை போட மாட்டாவ. பெரிய உருளியில பாலை ஊத்தி, வத்த வத்தக் கிண்டி, நெறம் மாறுத பருவத்துல சக்கரையைப் போட்டு, கைய எடுக்காம நிப்பா. முடிஞ்சதும் உருளி ஓரத்துல ஒட்டியிருக்கற ஆடைய வழிச்சு வழிச்சுத் திங்கது அவளுக்கு மட்டுமான கூலி. அதுல யாரும் பங்குக்கு வர முடியாது. 

"நான் செத்தா உருளிக்கு முன்னால சாவேன். நாற்காலியில உக்காந்து பாலில்லாத காப்பிய நக்கிக்கிட்டுச் சாவ மாட்டேன்"னு முத்தத்துல நின்னு எல்லாரும் கேக்கச் சொன்னா.

அவ சட்டியைப் பாத்தவங்களுக்கு அவளைப் பத்திக் கவலையே வரல. கிண்ணுன்னு அடிச்சுது, வாலிபப் புள்ள ஓடுத மாதிரி. நயினாரும் போன்ல கேட்டுட்டு, "ஒனக்கு நூறு வயசும்மா"ன்னான்.

ஒருநா முக்குவீட்டுல பூப்புனித நீராட்டு. பிரமு தன் வீட்டு அடுப்புல உருளியை ஏத்திட்டா, ஆவுடை ஒத்தாசைக்கு ஏலக்காய் தட்டிக்கிட்டு அடுப்படிச் செவரோரமா உக்காந்திருந்தா. பிரமுக்கு முதுகு இந்தப் பக்கம், மொகம் அடுப்பைப் பாத்து. அவ யாரோ வீட்டு மருமகளை வஞ்சுக்கிட்டே கிண்டுதா. ஆவுடை இடிகல்லை எடுக்கக் கையக் கொண்டு போறா, கல்லுக்கு அடியில இருந்து கருந்தேளு ஒண்ணு கொடுக்கைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து அவ விரலுக்குப் பக்கத்துல நின்னுது. கத்தினா பிரமு பதறித் திரும்பி உருளியத் தட்டிருவா, கொதிக்க பாலு. அதனால ஆவுடை கத்தல. அசையாம இருந்தா. நெஞ்சு மட்டும் தடதடன்னு அடிக்கு.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுது. செவரோரம் பிரமு வீட்டுத் தயிர்ச்சட்டி. மூடி தடதடன்னு ஆடுது.

பிரமு தேளைப் பாக்கல. அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டு நெதானமா நிக்கா. அவளுக்குப் படபடக்க ஒரு காரணமும் இல்ல. ஆவுடை பைய கைய எடுத்து, வெளக்குமாத்தால தேளை அடிச்சா, மூச்சை இழுத்து விட்டா. சட்டி அடங்கிச்சு. மூச்சைப் புடிச்சுப் பாத்தா. சட்டி அழுத்தி அடிச்சுது. விட்டா. தளந்துது. அந்தச் சட்டிக்குள்ள இருக்கது பிரமு இல்ல. ஆவுடை.

கொஞ்ச நாளாவே தெனமும் சாயங்காலம் பிரமு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கிட்டு ஆவுடை வீட்டுக்கு வருவா. "ஏட்டி, பூனை உருட்டிட்டுது, ஒரு கரண்டி உறைமோரு ஊத்து"ம்பா. "ஏட்டி, எல்லாம் தீந்து போச்சு, ஒரு கரண்டி"ம்பா. வளவுல உறைமோரு கேக்கது, கொடுக்கது, இதெல்லாம் யாரும் மனசுல வச்சுக்கிடுத காரியமா? ஆவுடையும் ஊத்துவா. தோய்க்க கையிலதான் துடிப்பு இருக்குன்னு வளவே நம்பிக்கிட்டு இருந்துது. கையில மட்டுமில்ல, மோருலயும் இருந்துது, மோரு சேந்தா மோருக்காரி துடிப்புதான் முந்துது.

"மதினி"ன்னா ஆவுடை. "இது என் சட்டி."

பிரமு கிண்டுத கைய நிறுத்தல. "எதுட்டி?"

"இதுல அடிக்கது என் நெஞ்சு. உங்க நெஞ்சு எங்க மதினி?"

பிரமு திரும்பினா. அடுப்புக் கிட்ட நிக்கவ மொகத்துல வேர்வை இருந்தா யாரு சந்தேகப்படுவா? ஆனா இது அந்த வேர்வை இல்ல. நெத்தியில மணி மணியா, மொகம் சாம்பல் பூத்து. இடது கை முதுகைப் புடிச்சிருந்துது. அப்பத்தான் ஆவுடைக்கு ஒவ்வொண்ணா ஞாபகம் வருது, கடவாப்பல்லு வலிக்குன்னு கிராம்பைக் கடிச்சுக்கிட்டுத் திரிஞ்சது, முத்தத்துல பாதி வழியில நின்னு வானத்தைப் பாக்க மாதிரி மூச்சு விட்டது, வாயு வாயுன்னு பெருங்காயத்தைப் போட்டுச் செம்பு செம்பா மோரைக் குடிச்சது.

"அது வாயுட்டி."

"உங்க சட்டி தடுமாறிச்சா இல்லையா?"

உருளியில பாலு சளப்பு சளப்புன்னு குமிழி விட்டுது. 

"தடுமாறிச்சு"ன்னா பிரமு. "குழல்வாய்மொழி ஆசுபத்திரிக்குப் போன வாரத்துல இருந்து. ஒருநா நெசமாவே பூனை உருட்டிட்டுது, ஒங்கிட்ட மோரு வாங்கித் தோய்ச்சேன். காலையில பாத்தா குதிர மாதிரி ஓடுது. எனக்கு அம்மனே வந்து கொடுத்த மாதிரி இருந்துது. நீ இதை வெளிய சொன்னே, என் பொணம் கூட ஒங்கிட்ட பேசாது, ஆமா."

"பொணம் எங்க மதினி பேசும்? வாங்க, ஆட்டோ சொல்லுதேன்."

"வரமாட்டேன். வாயுதான் இது."

ஆவுடைக்கு அவளைத் தெரியும். இழுத்தா வரமாட்டா. அதனால ஒரே ஒரு காரியம் கேட்டா. "மோரே ஊத்தாம தோய்ங்க. பாலுல மொளகாக் காம்பைப் போட்டு, உங்க கையால. யாரு மோரும் சேரக்கூடாது. அது கிண்ணுன்னு அடிச்சா வாயுதான்னு நானும் ஒத்துக்கிடுதேன். அடிக்கலன்னா வரணும்."

மோரு இல்லாத வீட்டுல மொளகாக் காம்பு போட்டுத் தோய்க்கது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பிரமு மொறைச்சா, ஆனா தோத்துப் போறவ இல்லையே, செம்புல பாலை எடுத்து, காம்பை ஆய்ஞ்சு போட்டு, வெயில்ல வச்ச மண்சட்டியில ஊத்தி மூடினா. திரட்டுப்பாலை முக்குவீட்டுக்குக் கொடுத்து விட்டாச்சு. பிரமு அன்னைக்கு உருளி வழிக்கல. அதை ஆவுடை பாத்துட்டா.

ரெண்டு பேரும் சட்டியைக் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாவ. வெயிலு செவத்துல ஏறி, ஓட்டுக்குப் போச்சு. ஆவுடைக்கு மனசு ஒரு நெலையில இல்ல. இவளைக் காக்க வச்சது தப்போ, தெருவைக் கூட்டித் தூக்கிட்டுப் போயிருக்கணுமோன்னு ஒரு பக்கம். கைய வச்சா கத்துவா, கத்தினா நெஞ்சு தாங்குமான்னு ஒரு பக்கம். மூடியைத் தூக்கித் தூக்கிப் பாத்தா. பாலு பாலாவே கெடந்துது. 

"தோயாதுட்டி. கெழவி கையி"ன்னா பிரமு. அவ உதடு நெறமில்லாம இருந்துது.

வெளக்கு வைக்க நேரத்துல தோஞ்சுது. ஆவுடை மூடியை எடுத்தா. தயிரு மெல்லிசா, தண்ணியா, கண்ணாடிச் சில்லு மாதிரி. மொதல்ல ஒண்ணும் அசையல. அப்புறம் நடுவுல ஒரு துடிப்பு. அதை ஒட்டி ஒண்ணு, அதை ஒட்டி ஒண்ணு, வாரு அறுந்த செருப்போட ஓடுத மாதிரி. அப்புறம் ஒண்ணுமில்ல. ஆவுடை மூச்சை நிறுத்திக்கிட்டுப் பாத்தா. ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுல யாரோ குழாயத் தொறந்தாவ, மூடுனாவ. ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு துடிப்பு.

பிரமுவும் பாத்தா. பாத்துட்டு, "மூடுட்டி அதை"ன்னா, ரொம்பச் சின்னக் கொரல்ல.

ஆவுடை மூடல. சட்டியை ரெண்டு கையாலயும் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு முத்தத்துக்கு வந்தா, வளவே அதிருதாப்புல ஒரு சத்தம் போட்டா, "எய்யா, யாராவது ஆட்டோவக் கூப்புடுங்க, மதினிக்கு நெஞ்சு நிக்கப் போகுது!"

கதவெல்லாம் தொறந்துது. குழல்வாய்மொழி நாற்காலியில இருந்து எந்திரிச்சுட்டா. பிரமு செவத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னா, அவ பாத்த பார்வை இருக்கே, மொகத்துல எண்ணெயக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துது ஆவுடைக்கு. 

ஆட்டோவுல பிரமு ஒரு பக்கம், ஆவுடை ஒரு பக்கம், சட்டி ஆவுடை மடியில. பாத்துக்கிட்டே போகணும்லா. தெரு முக்குத் திரும்பிச்சு, துடிக்கு. பஸ் ஸ்டாண்டு தாண்டிச்சு, துடிக்கு. ரயில்வே கேட்டு மூடிக் கெடந்துது. முன்னால ஒரு லாரி, பின்னால ஒரு வைக்கோல் வண்டி, திரும்ப வழியில்ல. ஆட்டோக்காரன் எறங்கிப் போயி கேட்டுக்காரர்கிட்ட மன்னாடுதான், வண்டி வர நேரம், தொறக்க முடியாதுங்காரு. பிரமு மொகம் இருட்டுல சரியாத் தெரியல. ஆவுடை மடியைக் குனிஞ்சு பாத்தா. ரோட்டுக் குலுக்கல்ல தயிரு ஒடைஞ்சு போச்சு. தண்ணி தனி, கட்டி தனி. ஒரு அசைவும் இல்ல.

சட்டியில போச்சா, ஆளுலயே போச்சா, அது தெரியல அவளுக்கு.

"மதினி!"

"என்ன எழவுட்டி?"

ஆவுடைக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது. "வையிங்க மதினி. என்னை வையிங்க. நிறுத்தாதிய."

"வையாம பின்ன கொஞ்சவா செய்வேன்? என் குடியக் கெடுத்தவளே..."

"ஆமா, சொல்லுங்க."

"ஒன் சாம்பாருல உப்பே இருக்காது. அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைய பாவம், பொறுத்துத் தின்னுச்சு."

"சரி. இன்னும்?"

"ஒன் மக கல்யாணத்துக்குக் கிண்டினேனே, அடியில லேசாப் புடிச்சுட்டுது. ஒன் மூஞ்சிய நெனச்சுக்கிட்டுக் கிண்டினா புடிக்காம என்ன செய்யும்?"

ரயிலு கடகடன்னு போச்சு. அந்தச் சத்தத்துல பிரமு வஞ்சது கேக்கல, உதடு அசையுதான்னு ரயிலு பொட்டி பொட்டியா விட்டு விட்டு அடிச்ச வெளிச்சத்துல பாத்துக்கிட்டே இருந்தா ஆவுடை. அசைஞ்சுது. கேட்டு தொறந்துது. பாலத்துல அவ அப்பனை வஞ்சா, காய்கறிக்கடை பக்கம் அவ அண்ணன் தம்பிய வஞ்சா, கொரலு தேஞ்சு தேஞ்சு வந்துது, ஆசுபத்திரி வாசல்ல "நாசமாப் போ"ன்னு சொன்னது மூச்சாத்தான் வந்துது. ஸ்ட்ரெச்சருல தூக்கி வச்சாவ. 

நெஞ்சுல அடைச்ச ரத்தக்கொழாய்க்குள்ள சின்னதா ஒரு கம்பிச்சுருளு வச்சுத் தொறந்து விட்டாவ. பொழைச்சா. டாக்டரம்மா, "இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா எங்கிட்ட கொண்டு வந்து பிரயோசனம் இருந்திருக்காது. முதுகு வலி, தாடை வலி, வேர்வைன்னா உடனே வரணும்மா, சட்டி தோயட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது"ன்னு ஆவுடையப் பாத்து ஒரு போடு போட்டா. ஆவுடை தலைய ஆட்டுனா. அது அவளுக்கு வேணும்.

பிரமு வீட்டுக்கு வந்தா. பேச்சை நிறுத்திட்டா. ஊரு பூராப் பேசுனா, ஆவுடைகிட்ட மட்டும் இல்ல. எதுக்கால வந்தா, தூணைப் பாக்க மாதிரி பாத்துட்டுப் போனா. நயினார் பெட்டியோட வந்து எறங்கிட்டான். பாலு நிறுத்து, தயிரு நிறுத்து, உருளிய வெலைக்குப் போடு, வீட்டைப் பூட்டு, கெளம்பு. புதுசா ஒரு நாற்காலி கூட வாங்கிட்டு வந்தான், மெத்தை வச்சது.

அதைப் பாத்ததும் ஆவுடை அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. உயிரை மீட்டுக் கொண்டாந்து நாற்காலியிலயா போட்டோம்னு அவளுக்குத் தாங்கல. விடிஞ்சதும் சத்துணவுக் கூடத்து அண்டா ஒண்ணைக் கேட்டு வாங்கியாந்து கெணத்தடியில வச்சா, வீடு வீடாப் போயி ஒவ்வொருத்தி சட்டியையும் கொண்டாரச் சொன்னா.

"எல்லாத்தையும் இதுல ஊத்துங்க. கலந்து ஆளுக்கொரு கரண்டி உறைமோரு எடுத்துக்கிடுவோம். இனி எல்லாச் சட்டியும் ஒண்ணா அடிக்கும். யாருது எதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது."

"தடுமாறினா?"ன்னா பேச்சியாளு.

"எல்லாரும் போவோம். வேன் புடிச்சு, வளவைப் பூட்டிட்டு, எல்லாரும்."

மொத ஆளா எந்திரிச்சு வந்தவ குழல்வாய்மொழி. மகன் "எம்மா, எம்மா"ன்னு பின்னாலயே ஓடி வந்தான். அவ சினிமாவுக்குப் போன புருசனைக் கேக்காத கேள்வியெல்லாம் சேத்து வச்சு அவனை ஒரு பார்வை பாத்தா, அவன் அங்கனயே நின்னுட்டான். பாலைத் தன் கையால மொளகாக் காம்பு போட்டு ராத்திரியே திருட்டுத்தனமாத் தோய்ச்சு வச்சிருந்தா, அதைக் கொண்டாந்து ஊத்தினா. பேச்சியாளு ஊத்தினா. ஒவ்வொருத்தியா ஊத்தினா. கடைசியா பிரமு வந்தா. ஆவுடை மொகத்தைப் பாக்காம, சட்டியைச் சரிச்சு ஊத்திட்டு, ஒரு கரண்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

மறுநா எல்லா வீட்டுலயும் ஒரே அடி. வளவுக்குள்ள நொழைஞ்சா காலுக்கடியில தெரியும், அப்படி. மக்கமாரு சட்டி சட்டியாக் காது வச்சுப் பாத்தாவ. "எங்க அம்மை எது?"ன்னு நயினார் முத்தத்துல நின்னு கேட்டான். ஆசுபத்திரிக்குப் போயி டாக்டரம்மாகிட்ட மொறையிட்டான், அவளே சொல்லிட்டா, "நெய்யையும் வழிச்ச ஆடையையும் கொறைக்கச் சொன்னேன், மாத்திரையை விடாதேன்னேன். தோய்ச்ச தயிரை வேண்டாம்னோ, அடுப்படிக்குப் போகாதேன்னோ நான் எப்பப்பா சொன்னேன்?" அவன் பெட்டியத் தூக்கிக்கிட்டுத் தனியாத்தான் ரயிலேறினான். மெத்தை நாற்காலியில பூனை படுத்துக்கிட்டுது.

கார்த்திகை மாசம், மழை விடாமப் பேஞ்சுக்கிட்டிருந்த ஒரு காலையில, எல்லாச் சட்டியும் ஒரு அடியை விழுங்கிச்சு.

அடுப்பை அணைச்சாவ. நல்ல சேலை உடுத்திக்கிட்டாவ. வேன் வந்துது, ஏறினாவ. வளவை வெளிய பூட்டினாவ. வேனுக்குள்ள ஒவ்வொருத்தியும் தன் தாடையத் தொட்டுப் பாத்துக்கிட்டா, முதுகை நிமித்திப் பாத்துக்கிட்டா, அது தானா இருக்குமோன்னு பயந்து, தானா இருக்கக் கூடாதேன்னு வேண்டி, அப்படி வேண்டினா அடுத்தவளுக்குப் போயிருமேன்னு அதுக்கும் பயந்து, கம்பியைப் புடிச்சுக்கிட்டு மழையப் பாத்தா. பிரமுக்குப் பக்கத்துல எடம் இருந்துது. ஆவுடை அங்கன உக்காரல.

ஆசுபத்திரியில நீள பெஞ்சு. ஈரச் சேலையோட வரிசையா உக்காந்தாவ. நர்சு ஒரு சின்னப் புள்ள, புதுசு, கையில ஒத்தச் சீட்டோட வந்து நின்னா. "இதுல பேஷண்ட் யாரும்மா? நெஞ்சு யாருக்குப் பாக்கணும்?"

நல்லாருக்கேன், எனக்கு இல்லம்மா, நான் சும்மா தொணைக்கு வந்தேன், அந்த வார்த்தை எல்லார் தொண்டையிலயும் ஏறி நின்னுது. ஆவுடை காதுல அவ நெஞ்சு அடிக்கது கேட்டுது. அது ஒழுங்கா அடிக்குதா இல்லையான்னு அவளுக்கே தெரியல.

பிரமு முழங்கால்ல கைய ஊனி எந்திரிச்சா.

"எனக்குத்தான் பாக்கணும்"னா. ரெண்டு எட்டு வச்சா, நின்னா, திரும்பிப் பாத்தா. "ஏட்டி ஆவுடை, என்ன பிள்ளையாரு மாதிரி உக்காந்திருக்கே? ஒனக்கு மட்டும் நெஞ்சை எவர்சில்வர்லயா அடிச்சு வச்சிருக்கு? எந்தி."

ஆவுடை எந்திரிச்சா. குழல்வாய்மொழி எந்திரிச்சா. பேச்சியாளு கொண்டையச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சா. பெஞ்சு காலியாச்சு. அந்த நர்சுப் புள்ள ஒத்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு வழி மறிச்சு நிக்க, பிரமு அவ தோளைப் பைய ஒதுக்கிட்டு, "தள்ளிக்கோ தாயி, நாங்க ஒரு ஆளுதான்"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள போனா.